கணவரின் ஸ்பொன்சர் மனு நிராகரிக்கப்பட்ட பிறகு

கனடாவிலிருந்து கணவனையோ மனைவியையோ ஸ்பொன்சர் செய்து, மனு நிராகரிக்கப்பட்டுக் கடிதம் வந்தால் முதலில் திகதியைப் பாருங்கள். காரணங்களைப் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம். வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போட்ட குடும்பப் பிரிவு மனு என்றால், காரணங்களோடு கடிதம் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கு அறிவித்தல் போய்ச் சேர வேண்டும். குடிவரவு அகதிகள் சபையின் ஒரு பிரிவு அது; எங்கள் ஆட்கள் ஐஏடி என்றே சொல்வார்கள். மேன்முறையீடு செய்ய வேண்டியவர் ஸ்பொன்சர் செய்தவர், அதாவது கனடாவில் இருப்பவர். கட்டணம் எதுவும் கிடையாது. அந்தக் கட்டத்தில் ஆதாரங்களும் கேட்கமாட்டார்கள். படிவத்தை நிரப்பி, நிராகரிப்புக் கடிதத்தின் பிரதியை இணைத்து அனுப்பினால் போதும். நல்ல லோயரைத் தேடி அலைந்தே அந்த 30 நாளைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். அறிவித்தலை நீங்களே அனுப்பலாம், லோயரைப் பிறகு பிடிக்கலாம்.

எங்கள் மனு நிராகரிக்கப்பட்டது 2016 இல். ஐஏடியில் வென்றது 2018 இல். இடைப்பட்ட காலத்தில் எனக்குப் புத்தி சொல்லாத ஆள் இல்லை. கலியாண வீடு, செத்தவீடு, கோவில் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய் ஏதாவது சொல்வார். அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் அதில் பாதி பிழையான தகவல். இன்று அதே நிலையில் இருப்பவர்கள் என்னிடம் கேட்கும்போது ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு இது இரண்டாவது கலியாணம். முதல் கலியாணம் ஸ்காபரோவில் நடந்து விவாகரத்தில் முடிந்தது. இப்போதைய கணவர் யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தார். பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கை. என்னைவிட நான்கு வயது இளையவர், அதற்கு முன் கலியாணம் செய்யாதவர். பெரியம்மாதான் பேச்சை எடுத்தார். ஒரு வருடத்துக்கு மேல் வைபரில் கதைத்து, நேரில் போய்ப் பார்த்துப் பழகி, 2015 இல் கோவிலில் தாலி கட்டினோம். மண்டபம் எடுக்கவில்லை, ஊரைக் கூப்பிடவில்லை. நெருங்கிய சொந்தம் மட்டும் வந்தது, பெரியம்மா வீட்டு முற்றத்தில் சாப்பாடு, அவ்வளவுதான். விவாகரத்தான பெண்ணின் மறுமணத்தை எங்கள் ஊர்ப்பக்கம் எப்படி அடக்கமாகச் செய்துமுடிப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

ஆனால் எங்கள் கோப்பைப் பார்த்த அதிகாரிக்கு அது பெரிய அதிசயமாக இருந்திருக்கிறது. நேர்முகத்துக்காக இவர் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், காலையில் ஒரு தெரிந்தவர் வீட்டில் முகம் கழுவிக்கொண்டு போனார். திரும்பி வந்து, எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன், பிரச்சினை இருக்காது என்றார். சில கிழமைக்குள் கடிதம் வந்துவிட்டது. இந்தத் திருமணம் உண்மையானது என்று எனக்குத் திருப்தி இல்லை, குடிவரவு நோக்கத்துக்காகவே முதன்மையாகச் செய்யப்பட்டது என்று கருதுகிறேன் என்ற பொருளில் நான்கைந்து வரி. கூடவே ஒரு சட்டப் பிரிவின் இலக்கம். அதைப் படித்துவிட்டு என்ன செய்வது? எதற்குப் பதில் சொல்வது?

கடிதத்தில் இருப்பது முடிவு மட்டும்தான். அதிகாரி உண்மையில் என்ன நினைத்தார் என்பது அவர் கணினியில் எழுதி வைத்த குறிப்புகளில் இருக்கும். ஜிசிஎம்எஸ் நோட்ஸ் என்று சொல்வார்கள். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டி, கனடாவில் இருப்பவர் அதைக் கேட்டுப் பெறலாம். ஊரில் உள்ளவரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். மேன்முறையீடு பதிவானபின் அமைச்சர் தரப்பும், அதாவது வழக்கில் எதிர்த் தரப்பாக நிற்கும் அரசாங்கமும், கோப்பின் பிரதியை அனுப்பத்தான் வேண்டும், ஆனால் அதற்குக் காலம் எடுக்கும். நான் காத்திருக்காமல் உடனே கேட்டேன். அந்த 5 டொலர்தான் முழு வழக்கிலும் மிகப் பயனுள்ள செலவு.

குறிப்பில் நேர்முகத்தின் கேள்வி பதில்கள் சுருக்கமாக இருந்தன. மனைவியின் முதல் கலியாணம் ஏன் முறிந்தது என்று கேட்டிருக்கிறார். தெரியாது, கேட்கவில்லை என்று பதில் பதிவாகியிருந்தது. அதன் கீழே அதிகாரியின் கருத்து: மனைவியின் கடந்தகாலத்தைப் பற்றி அடிப்படையான விடயம்கூட விண்ணப்பதாரருக்குத் தெரியவில்லை. இதை வாசித்தபோதுதான் எனக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது. எனக்கு நோகும் என்றுதான் அவர் அந்தக் கதையை என்னிடம் எடுத்ததே இல்லை. கேட்காமல் விட்டதற்காகவே நான் அவரை மதித்தேன். அந்த மரியாதை ஒரு தாளில், அக்கறை இல்லாத அந்நியன் என்பதற்குச் சாட்சியாக ஏறியிருந்தது.

அதைவிட இன்னும் சில இருந்தன. முதல் முறை கலியாணம் செய்யும் ஆண், விவாகரத்தான, வயது கூடிய பெண்ணை மணப்பது இலங்கைத் தமிழர் வழக்கத்துக்கு மாறானது. சடங்கு சிறியது, விருந்துபசாரம் இல்லை. மணமகனின் தாய் படங்களில் முகம் கொடுக்காமல் நிற்கிறார். திருமணத் திகதியை விண்ணப்பதாரர் படிவத்தில் உள்ளதிலிருந்து வேறாகச் சொன்னார். கடைசியாகச் சொன்னது எங்கள் ஆட்களின் கோப்புகளில் அடிக்கடி வருவது. எழுத்து, அதாவது சட்டப்படியான பதிவு, ஒரு நாள், தாலி கட்டியது இன்னொரு நாள். படிவத்தில் பதிவுத் திகதி இருக்கும். ஊரில் இருப்பவரைக் கேட்டால் தாலி கட்டிய நாளைச் சொல்வார். இரண்டு நாளையும், ஏன் இரண்டு என்பதையும் மனுவோடு ஒரு விளக்கக் கடிதத்தில் எழுதிவிட்டால் அந்தக் குழப்பமே வராது.

நான் ஒரு கொப்பி எடுத்தேன். அதிகாரி சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பக்கம். மேலே அவர் எழுதியது, கீழே உண்மையில் நடந்தது, அதற்கு எங்களிடம் என்ன தாள் இருக்கிறது, யார் வந்து சொல்ல முடியும். நிராகரிப்பை எதிர்கொள்வதற்கு நான் கண்ட வழி இதுதான். நாங்கள் உண்மையான தம்பதி, எங்களை நம்புங்கள் என்று பொதுவாக எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை. வழக்கத்துக்கு மாறானது என்று அவர் சொன்னால், அது வழக்கமானதுதான் என்று மறுப்பதும் வீண். மாறானதுதான், ஏன் மாறியது என்று சொல்ல வேண்டும்.

சட்டம் என்ன கேட்கிறது என்று சரியாக விளங்கிக்கொள்வது முக்கியம். கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 4(1) என்ற பிரிவு. திருமணம் உண்மையானதாக இல்லாவிட்டால் ஒரு மறுப்பு. குடிவரவு அந்தஸ்தைப் பெறுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு செய்யப்பட்டிருந்தால் இன்னொரு மறுப்பு. 2010 செப்டெம்பர் இறுதிவரை இரண்டும் சேர்ந்திருந்தால்தான் நிராகரிக்கலாம். அதன் பிறகு ஏதாவது ஒன்று இருந்தாலே போதும் என்று விதி மாறிவிட்டது. இதில் நோக்கத்தைக் கலியாணம் நடந்த காலத்தை வைத்துப் பார்ப்பார்கள். உண்மைத்தன்மையை இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்பதை வைத்தும் பார்ப்பார்கள். ஆகவே நிராகரிப்புக்குப் பிறகு நீங்கள் போய்வந்தது, சேர்ந்து எடுத்த முடிவுகள் எல்லாம் பெறுமதியான ஆதாரம். ஆனால் அவை மட்டும் போதாது. கலியாணம் பேசிய காலத்து ஆதாரமும் வேண்டும். ஜாதகம் பார்த்த தாள், பேச்சு நடந்தபோது பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் இடையில் போன செய்திகள், தாலிக்கொடி செய்த நகைக்கடைப் பற்றுச்சீட்டு, ஐயருக்குக் கொடுத்த காசுக்கான துண்டு எல்லாவற்றையும் நாங்கள் தேடி எடுத்தோம்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைப் பலர் தாமதமாகத்தான் அறிகிறார்கள். பிரிந்திருப்பதால் படும் கஷ்டம், மன அழுத்தம், தனிமை என்று பக்கம் பக்கமாக எழுதி ஐஏடிக்குக் கொண்டுபோவார்கள். வருமானம் போதாமை, சில குற்றப் பதிவுகள் போன்ற காரணங்களால் வந்த நிராகரிப்பில் மனிதாபிமான அடிப்படையைப் பார்க்க ஐஏடிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் திருமணமே உண்மையில்லை என்ற வழக்கில் அது கிடையாது. முதலில் நீங்கள் குடும்பம் என்று நிறுவ வேண்டும். நிறுவினால் அத்தோடு வழக்கு முடிந்தது, நிறுவாவிட்டால் இரக்கத்துக்கு இடமில்லை. எனவே மருத்துவக் கடிதங்களில் செலவழிக்கும் உழைப்பை உறவைக் காட்டுவதில் செலவழியுங்கள்.

திரும்பவும் புதிதாகப் போடு, மேன்முறையீடு வருடக்கணக்கில் இழுக்கும் என்று பலர் சொன்னார்கள். சில கேஸ்களுக்கு அது சரிதான். ஒரு தாள் குறைந்ததால் நிராகரிக்கப்பட்டது, அல்லது அதன்பிறகு பிள்ளை பிறந்து நிலைமையே மாறிவிட்டது என்றால் புதிதாகப் போடுவது சுருக்கமான வழியாக இருக்கலாம். ஆனால் எங்கள் உறவையே சந்தேகித்து எழுதிய குறிப்பு கணினியில் அப்படியே இருக்கும். அடுத்த அதிகாரி முதலில் அதைத்தான் வாசிப்பார். ஐஏடியில் அப்படி இல்லை. அதிகாரி அன்றைக்குப் பார்த்த தாள்களோடு விசாரணை நின்றுவிடாது. புதிய ஆதாரம், புதிய சாட்சி, இருவரின் வாய்மொழி எல்லாவற்றையும் கேட்டு அவர்கள் புதிதாக முடிவெடுப்பார்கள். அதே காரணத்தால் அங்கே அரைகுறையாகப் போகக் கூடாது. ஐஏடியில் தோற்று, அதே ஆதாரங்களோடு மறுபடி மனுப் போட்டு மறுபடி மேன்முறையீட்டுக்கு வந்தால், இது ஏற்கெனவே தீர்க்கப்பட்ட விடயம் என்று கேட்காமலே தள்ளிவிட முடியும்.

கனடாவுக்குள் இருக்கும் துணைக்காக, உள்நாட்டுப் பிரிவில் போட்ட மனு என்றால் இந்தக் கதவே இல்லை. அவர்களுக்கு ஐஏடி கிடையாது. சமஷ்டி நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும், அதற்கு 15 நாள்தான் தவணை. மனுப் போடும்போதே எந்தப் பிரிவு என்று தெரிவு செய்கிறவர்கள் இதையும் யோசியுங்கள்.

ஆதாரம் என்றவுடன் எல்லோரும் தொலைபேசிப் பட்டியலைத்தான் நினைக்கிறார்கள். ஒரு பெட்டி நிறையப் பட்டியல் கொண்டுபோவதால், கதைத்தீர்கள் என்பதுதான் தெரியும். என்ன கதைத்தீர்கள் என்று தெரியாது. எங்கள் லோயர் செய்திகளைக் கொண்டுவரச் சொன்னார். அதிலும் அன்பான வார்த்தைகளைத் தேட வேண்டாம், சண்டை பிடித்ததையும் ஒரு முடிவு எடுத்ததையும் தேடுங்கள் என்றார். நான் முதலில் வெட்கப்பட்டேன். பிறகு தேடிப் பார்த்தால், மாமியின் கண் சத்திரசிகிச்சையை அரசாங்க ஆஸ்பத்திரியில் செய்வதா, தனியாரிடம் செய்வதா என்று நாங்கள் இரண்டு நாள் தர்க்கப்பட்டது முழுவதும் அப்படியே கிடந்தது. காத்திருக்கலாம் என்று அவர், வேண்டாம் காசு நான் அனுப்புகிறேன் என்று நான், உங்கள் காசில் செய்ய அம்மா சம்மதிக்கமாட்டா என்று அவர், கோபத்தில் நான் ஒருநாள் பதில் போடாமல் விட்டது, பிறகு அவர் அனுப்பிய வைத்தியசாலைத் துண்டின் படம். அதை மொழிபெயர்ப்பித்துக் கொடுத்தோம். புருஷன் பெண்சாதிக்கு இடையில்தான் அப்படி ஒரு கதை நடக்கும். எதையும் அளவோடு தெரிவு செய்யுங்கள், ஏனென்றால் தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குவார்கள்.

காசு அனுப்பியதைக் காட்டுவதும் அப்படித்தான். எங்கள் ஆட்களில் கனபேர் உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆட்கள் மூலம், அனுப்புகிறார்கள். விரைவாகப் போகும், வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள், ஆனால் கையில் ஒரு துண்டும் மிஞ்சாது. ஸ்பொன்சர் செய்யும் எண்ணம் இருந்தால் முதல் நாளிலிருந்தே வங்கி வழியாக, உங்கள் பெயரிலிருந்து அவர் பெயருக்கு அனுப்புங்கள். சிறு தொகையாக இருந்தாலும் பரவாயில்லை. நேர்முகத்துக்கு முதல் மாதம் திடீரென்று ஒரு பெரிய தொகை போயிருந்தால் அது உதவி செய்வதைவிடக் கேள்வியைத்தான் கொண்டுவரும்.

எங்கள் வழக்கைத் தூக்கி நிறுத்தியது மாமியின் சத்தியக்கடதாசி. படங்களில் மாமி முகம் கொடுக்காமல் நிற்கிறார் என்று அதிகாரி எழுதியிருந்தாரே, அது உண்மை. மாமிக்கு இந்தக் கலியாணத்தில் விருப்பம் இருக்கவில்லை. தன் ஒரே மகனுக்கு விவாகரத்தான பெண்ணா என்று தொடக்கத்தில் என்னோடு கதைக்கவே மாட்டார். இதை மறைத்து, குடும்பம் முழுவதும் சந்தோசமாகச் சம்மதித்தது என்று எழுதுவதுதான் நல்லது என்று எங்கள் வீட்டில் சிலர் சொன்னார்கள். நான் மாமியிடமே கேட்டேன். மாமி, உள்ளதை உள்ளபடி சொல்வீங்களோ என்று. சொல்லுவன் பிள்ளை, எனக்கென்ன பயம் என்றார். சமாதான நீதவான் முன்னால் போய் அவர் சொன்னது இவ்வளவுதான்: எனக்கு இந்தக் கலியாணம் பிடிக்கவில்லை, மகன் கேட்கவில்லை, கோவிலில் கோபத்தோடுதான் நின்றேன், பிறகு கண் வெட்டியபோது மருமகள் வந்து நின்று பார்த்தாள், இப்போது எனக்கு அவள் மகள் மாதிரி. கனடாவுக்குப் போவதற்காகப் போலிக் கலியாணம் ஒழுங்கு செய்கிற குடும்பத்தில், தாய் கோவிலில் கோபத்தோடு நிற்கமாட்டாள். எங்களுக்கு எதிராக எழுதப்பட்ட குறிப்பு அந்த ஒரு தாளால் எங்கள் பக்கம் வந்தது.

லோயர் விடயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்பொன்சர் படிவம் நிரப்பிக் கொடுப்பவர் வேறு, ஐஏடியில் உங்களுக்காகக் கதைக்கக்கூடியவர் வேறு. ஒன்ராறியோவில் லோயர் என்றால் மாகாணச் சட்டச் சங்கத்தின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். குடிவரவு ஆலோசகர் என்றால் 2021 நவம்பரிலிருந்து அவர்களை ஒழுங்குபடுத்தும், கல்லூரி என்று பெயர் கொண்ட அமைப்பின் பட்டியலில் இருக்க வேண்டும். அதிலும் சபை முன் வாதாடுவதற்கான அனுமதி அவருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பட்டியலையும் இணையத்தில் யாரும் பார்க்கலாம். வெற்றி நிச்சயம் என்று சொல்பவரிடம் போகாதீர்கள். கோப்பைத் திறந்து வாசிக்காமல் கட்டணம் சொல்பவரிடமும்தான்.

விசாரணைக்கு முன்பு சில வழக்குகளை ஏடிஆர் என்ற இணக்கப் பேச்சுக்குக் கூப்பிடுவார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். சிறிய அறை, மேன்முறையீட்டுப் பிரிவின் அதிகாரி ஒருவர், அமைச்சரின் தரப்பில் ஒருவர், நானும் லோயரும். அமைச்சர் தரப்புக்குத் திருப்தி வந்தால் அங்கேயே முடிந்துவிடும். அங்கு கதைப்பது இரகசியம், பிறகு விசாரணையில் அதை எடுக்கமாட்டார்கள். எங்களுக்கு அன்று முடியவில்லை. கணவரின் வாயால் கேட்க வேண்டும் என்று அமைச்சர் தரப்பில் வந்தவர் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தாலும், அவர்களுக்கு எந்த இடத்தில் சந்தேகம் இருக்கிறது என்று அன்றுதான் தெளிவாக விளங்கியது. ஏடிஆர் சரிவராவிட்டால் அதைத் தோல்வியாக எடுக்க வேண்டாம்.

விசாரணை ரொறன்ரோவில், 74 விக்டோரியா வீதியில் இருந்த கட்டடத்தில் நடந்தது. இப்போது பெரும்பாலும் கணினியில் வீடியோ வழியாக நடக்கிறது. அப்போது ஊரிலிருப்பவரைத் தொலைபேசியில் எடுப்பார்கள், அதற்கான அழைப்பு அட்டையையும் எங்களையே வாங்கிவரச் சொன்னார்கள். கோடையில் யாழ்ப்பாணம் எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் முன்னால் இருக்கும், குளிர்காலத்தில் பத்தரை. எங்களுக்குக் காலை என்றால் அவருக்கு இரவு. கரண்ட் போனாலும் வேலை செய்கிற தொலைபேசி, தனி அறை, பக்கத்தில் ஒருவரும் இல்லை, கையில் குறிப்பு எதுவும் இல்லை என்பதையெல்லாம் விசாரணைக்கு முந்திய கிழமையே ஒழுங்கு செய்து பரீட்சித்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளரைச் சபையே இலவசமாகத் தரும். அறிவித்தலிலேயே மொழியையும் வட்டார வழக்கையும் எழுதச் சொல்வார்கள். இலங்கைத் தமிழ் என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

முதலில் என்னைக் கேட்டார்கள். என் பதில்கள் கணவருக்குக் கேட்காது. அதன் பிறகு அவரை எடுத்து, பல கேள்விகளை அவரிடமும் திரும்பக் கேட்டார்கள். இருவரும் ஒன்றாக இருந்து பதில்களைப் பாடமாக்கினால் அது உடனே தெரிந்துவிடும். ஒரே வசனம் இரண்டு வாயிலிருந்தும் வரும். நாங்கள் செய்தது வேறு. முதல் மனுவில் போட்ட படிவங்களை ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டு, தொலைபேசியில் ஒவ்வொரு பக்கமாக வாசித்தோம். வேலை, முகவரி, திகதி எல்லாம். எதையெதை எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், மறந்ததை மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். ஊகித்துச் சொல்வதுதான் ஆபத்து.

அமைச்சர் தரப்பு என்னிடம் மாமியைப் பற்றிக் கேட்டது. அவர் ஏன் சம்மதித்தார் என்று. சம்மதிக்கவில்லை என்று சொன்னேன். கேட்டவர் தாளிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் முழுக் கதையையும் சொன்னேன். பிறகு கணவரைத் தொலைபேசியில் எடுத்தபோது, வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஐஏடி உறுப்பினரே அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார். மனைவியின் முதல் கலியாணம் ஏன் முறிந்தது என்று இப்போது தெரியுமா? தெரியும் என்று சுருக்கமாகச் சொன்னார். அப்படியானால் நேர்முகத்தின்போது ஏன் தெரியாமல் இருந்தது? அவ சொல்ல ஆயத்தமாகும் வரைக்கும் எனக்கு அவசரம் இருக்கவில்லை ஐயா என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்த பிறகு உறுப்பினர் கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருந்தார். நான் அந்த அறையில் இருந்துகொண்டே அதைக் கேட்டேன். கலியாணம் கட்டியதிலிருந்து அவர் எனக்குச் சொன்ன எந்த வார்த்தையைவிடவும் அது எனக்குப் பெரிது.

தீர்ப்பு பிறகு தபாலில் வந்தது. மேன்முறையீடு அனுமதிக்கப்பட்டது. காரணங்களில் மாமியின் சத்தியக்கடதாசிக்கு ஒரு முழுப் பந்தி இருந்தது.

இனி, எங்கள் வழக்கில் வராத, ஆனால் எங்கள் சமூகத்தில் திரும்பத் திரும்ப வரும் சில விடயங்கள். ஸ்பொன்சர் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: நீங்கள் ஸ்பொன்சர் செய்யத் தகுதியில்லை என்று கண்டால் மனுவை மீளப்பெறுவதா, தொடர்வதா? மீளப்பெறுவது என்று அடையாளமிட்டால் பெரும்பகுதிக் காசு திரும்பி வரும், ஆனால் மேன்முறையீட்டு உரிமை போய்விடும். காசைப் பார்த்து அந்தக் கட்டத்தில் புள்ளடி போடுபவர்கள் கனபேர். யோசித்துப் போடுங்கள்.

அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடம் பெற்றவர், இன்னும் குடியுரிமை எடுக்கவில்லை என்றால், கலியாணத்துக்காக இலங்கைக்குப் போவது ஆபத்து. 2012 டிசெம்பருக்குப் பிறகு, தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பித் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று அகதி அந்தஸ்தை நிறுத்தினால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்தே போகும். இலங்கைக் கடவுச்சீட்டை எடுப்பதும் அதில் பயணம் செய்வதும் அதற்குக் காரணமாகலாம். அதனால்தான் இத்தனை கலியாணங்கள் திருச்சியிலும் சென்னையிலும் நடக்கின்றன. அப்படி இந்தியாவில் கட்டியவர்கள், ஏன் சொந்த ஊரில் கட்டவில்லை, ஏன் மாப்பிள்ளை பக்கத்தில் ஆட்கள் குறைவு என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பெற்றோரை ஸ்பொன்சர் செய்து வருமானம் காணாது என்று நிராகரிக்கப்பட்டவர்களும் ஐஏடிக்குப் போகலாம். அவர்களுக்கு நான் முன்பு சொன்ன மனிதாபிமான அடிப்படை திறந்திருக்கிறது. விசாரணை நேரத்தில் வருமானம் தேவையான அளவுக்கு ஏறியிருந்தால் அது பெரிதும் உதவும். வருமான வரித் தாள்களை ஒழுங்காக வைத்திருங்கள்.

சரி, வென்ற பிறகு என்ன நடக்கும்? அடுத்த நாளே விசா வராது. அமைச்சர் தரப்பு சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போக 15 நாள் இருக்கிறது. போகாவிட்டால் கோப்பு திரும்பவும் விசா அலுவலகத்துக்குப் போகும். திருமணம் உண்மையானது என்ற முடிவை அவர்கள் மீண்டும் கிளற முடியாது. ஆனால் மருத்துவம், பொலிஸ் அறிக்கை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் புதிதாக நடக்கும், ஏனென்றால் பழைய மருத்துவப் பரிசோதனை ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். பொலிஸ் அறிக்கைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டுக் காலம் முடியப்போகிறதா என்று பார்த்துப் புதுப்பிக்கலாம். முகவரியோ தொலைபேசி இலக்கமோ மாறியிருந்தால் உடனே அறிவியுங்கள், ஐஏடிக்கு அறிவித்தது விசா அலுவலகத்துக்குத் தானாகப் போகும் என்று நம்ப வேண்டாம். விசா கையில் வரும்வரை ஊரில் உள்ள வேலையை விடச் சொல்லாதீர்கள். இவர் மருந்துக்கடைக்குக் கடைசிக் கிழமைவரை போனார்.

இந்த இடைப்பட்ட வருடங்களில் பிள்ளை பிறந்திருந்தால், அல்லது முன்னைய உறவில் ஒரு பிள்ளை இருந்தால், தரையிறங்கும் முன் கட்டாயம் அறிவித்துவிடுங்கள். கூட வராத பிள்ளையாக இருந்தாலும் சரி, யாருக்கும் தெரியாத பிள்ளையாக இருந்தாலும் சரி. அறிவிக்காமலும் பரிசோதனைக்குக் காட்டாமலும் விட்ட குடும்ப உறுப்பினரைப் பிறகு குடும்பப் பிரிவில் ஸ்பொன்சர் செய்ய முடியாது என்று ஒழுங்குவிதி 117(9) சொல்கிறது. அந்த நிராகரிப்பில் ஐஏடியின் இரக்கமும் கிடையாது. 2019 செப்டெம்பரில் வந்த ஒரு தற்காலிகக் கொள்கை சிலருக்கு வழி திறந்தது, எல்லோருக்கும் அல்ல. வந்திறங்கிய பிறகு சொல்லலாம் என்று விமானம் ஏறிய ஒரு தகப்பன், தன் மகளுக்காக வருடக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதை நான் ஸ்காபரோவில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வென்ற கோப்பு கையில் இருக்கும்போது ஒரு மின்னஞ்சலில் முடிகிற காரியம் அது.